கரிச்சானின் லைன்

தவளக்குப்பம் சந்திப்பில், கடலூர் சாலையைப் பார்த்தபடி இருக்கும் ஒரு ஜவுளிக்கடையின் முதல் மாடியில் ஜெயசித்ரா வேலை பார்க்கிறாள். புடவைப் பிரிவு. ஷிப்ட் முடியும்வரை உட்காரக் கூடாது என்பது அந்தக் கடையின் சட்டம். வருகிறவர்கள் முப்பது புடவையை விரிக்கச் சொல்லிவிட்டு ஒன்றும் எடுக்காமல் இறங்கிப் போனாலும் முகம் மாறக் கூடாது என்பது இன்னொரு சட்டம். இரண்டையும் அவள் பல வருஷமாகக் கடைப்பிடித்து வருகிறாள்.

அவளைக் காரைக்காலில் கட்டிக்கொடுத்தார்கள். இரண்டாம் வருஷமே பெட்டியோடு திரும்பி வந்துவிட்டாள். ஏன் என்று விசாரித்தவர்களுக்கெல்லாம் அம்மா அமுதம்தான் பதில் சொன்னாள். “புடிக்கல, வந்துட்டா. ஒனக்கு இன்னா இப்போ?” அதற்கு மேல் யாரும் கேட்கவில்லை. அமுதத்திடம் அப்படிச் சட்டென்று கேட்டுவிட முடியாது.

அவர்கள் கிராமம் பாகூர் கொம்யூன் பஞ்சாயத்தில், ஏரிக்குக் கிழக்கே இருக்கிறது. முதலில் ஊர், நடுவில் கரும்புக் கொல்லை, அதைத் தாண்டினால் பேட். புதுச்சேரிப் பக்கம் காலனியைப் பேட் என்றுதான் சொல்வார்கள். பேட்டின் மெயின் தெருவில் மூன்றாவது வீடு ஜெயசித்ராவுடையது. அப்பா இருந்தபோது போட்ட தளம். மாடியில் கைப்பிடிச் சுவர் மட்டும் எழுப்பி அப்படியே நிற்கிறது.

அவள் செல்போனில் துப்பாக்கிச் சண்டை விளையாட ஆரம்பித்தது கொரோனா காலத்தில். கடை மூடியிருந்தது, போகிற இடம் இல்லை. நாலு பேர் ஒரு அணியாகத் தீவில் இறங்கி, மற்ற அணிகளைச் சுட்டுத் தள்ளிவிட்டுக் கடைசிவரை உயிரோடு நிற்க வேண்டிய விளையாட்டு. முதல் வாரம் இறங்கின உடனே செத்தாள். பிறகு சாகவில்லை. காலடிச் சத்தத்தை வைத்து ஆள் எந்தப் பக்கம் வருகிறான் என்று சொல்லும் காது அவளுக்கு வாய்த்திருந்தது. கடை திறந்த பிறகும் விடவில்லை. நாள் முழுக்க “இதைக் காட்டு, அதை எடு” என்று பிறர் சொல்லக் கேட்டுவிட்டு வருகிறவள், ராத்திரி எட்டு மணிக்கு ஹெட்போனை மாட்டிக்கொண்டு “வலது பக்கம் போ, குனி, இப்போ அடி” என்று சொல்வாள். முகம் தெரியாத மூன்று பேர் சொன்னபடி செய்வார்கள். அது அவளுக்குத் தேவையாக இருந்தது.

விளையாட்டில் அவள் வைத்துக்கொண்ட பெயர் கரிச்சான். காக்கையைத் துரத்தித் துரத்திக் கொத்துகிற அந்தச் சின்னக் கறுப்புப் பறவைதான். எந்த ஊர் என்று கேட்டால் சொல்ல மாட்டாள். பேச்சை வைத்துக் கடலூர்ப் பெண் என்று மற்றவர்களாக நினைத்துக்கொண்டார்கள்.

அந்த வட்டாரத்து ஆட்கள் சனிக்கிழமைகளில் விளையாட்டுக்குள்ளேயே தங்களுக்கென்று தனியாக ஒரு அறை போட்டு விளையாடுவார்கள். அதில் எப்போதும் ஜெயித்துக்கொண்டிருந்தவன் புகழ்வேந்தன். ஜெயசித்ரா ஊர்க்காரன்தான், ஊர்த் தெருவில் பெரிய வீடு, ஏரிப் பாசனத்தில் நெல்லும் கரும்பும். இன்ஜினியரிங் முடித்துவிட்டு அப்பாவின் பழைய கேபிள் டிவி தொழிலை இன்டர்நெட்டாக மாற்றி நடத்திக்கொண்டிருந்தான். ஊருக்கும் பேட்டுக்கும், அப்புறம் உள்ளே இருக்கிற மூன்று கிராமங்களுக்கும் அவன் லைன் ஒன்றுதான். ஜெயசித்ரா வீட்டிலும் அதேதான். கரிச்சான் வந்த பிறகு சனிக்கிழமைகளில் அவன் ஜெயிப்பது நின்றுபோனது. ஒரு தடவை கடைசி இரண்டு பேராக அவர்கள் மட்டும் மிஞ்சியபோது, வைக்கோல் போருக்குப் பின்னால் பதுங்கியிருந்தவனைச் சுற்றி வந்து முதுகில் சுட்டாள். எண்பது பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவன் யார் என்று அவளுக்குத் தெரியும். அவள் யார் என்று அவனுக்குத் தெரியாது.

தெரிய வைத்தது அவளேதான். ஐப்பசி மழையில் ஒரு நாள் லைன் விட்டு விட்டு வந்தது. விளையாட்டுத் திரையின் ஓரத்தில் பிங் என்று ஒரு எண் ஓடும்; நம் விரல் அழுத்தியது சர்வருக்குப் போய்த் திரும்ப எவ்வளவு நேரமாகிறது என்பதன் கணக்கு. பச்சையில் இருக்க வேண்டியது சிவப்பில் குதித்தது. அவள் அந்தத் திரையைப் படம் எடுத்து, வாடிக்கையாளர் எண்ணோடு கேபிள் ஆபீசின் வாட்ஸப்புக்கு அனுப்பினாள். மறுநாள் லைன்மேன் பாக்யராஜ் வந்து, தண்ணீர் இறங்கிய முனையை வெட்டி ஒட்டிக் கொடுத்துவிட்டுப் போனான். லைன் சரியானது. ஆனால் அந்தப் படத்தின் மேல் ஓரத்தில் கரிச்சான் என்ற பெயர் இருந்தது.

அடுத்த வாரத்திலிருந்து அவளுக்கு விளையாட முடியவில்லை. சினிமா பார்த்தால் ஓடுகிறது. அமுதத்தின் சீரியல் தடங்கல் இல்லாமல் வருகிறது. வேகத்தைச் சோதித்துப் பார்த்தால் நல்ல எண்தான் காட்டுகிறது. விளையாட்டைத் திறந்து தீவில் இறங்கின பிறகுதான் பிங் ஏறும். எதிரில் நிற்பவனைச் சுட்டால் குண்டு போவதற்குள் அவன் இவளைச் சுட்டுவிட்டிருப்பான். ஓடிக்கொண்டிருப்பவள் திடீரென்று பத்தடி பின்னால் நிற்பாள்.

ஆபீசுக்குப் போன் செய்தால் ரவுட்டரை அணைத்துப் போடச் சொன்னார்கள். போட்டாள். ரவுட்டரை ஹாலிலிருந்து அறைக்கு மாற்றினாள். விளையாட்டை அழித்துவிட்டு மறுபடி இறக்கினாள். போனையே வெறும் போனாக்கித் திரும்ப எல்லாம் ஏற்றினாள். கடைசியில் போன்தான் பழசு என்று முடிவுகட்டித் தவணையில் புதுசு வாங்கினாள். புதுப் போனிலும் அதே சிவப்பு. போன் டேட்டா அந்தப் பக்கம் பேசுவதற்கு மேல் எதற்கும் தேறாது.

அந்தச் சமயத்தில்தான் பெண்கள் அணிகளுக்கான ஒரு போட்டிக்கு அவளைச் சேர்த்திருந்தார்கள். அணித் தலைவி மகாலட்சுமி திருநெல்வேலிக்காரி. கரிச்சானின் ஆட்டத்தை யாரோ சொல்லிக் கேள்விப்பட்டுத் தானாகக் கூப்பிட்டவள். தகுதிச் சுற்றின் முக்கியமான ஆட்டத்தில் ஜெயசித்ரா ஒரு வீட்டு வாசலில் உறைந்து நின்றாள். அவளை நம்பி உள்ளே போன மூன்று பேரும் செத்தார்கள். மகாலட்சுமி கோபப்படவில்லை. மறுநாள் மரியாதையாகச் செய்தி அனுப்பினாள். வேறு ஆள் பார்த்துக்கொள்வதாகவும், மனசில் வைத்துக்கொள்ள வேண்டாம் என்றும், முடிந்தால் ஒரு விபிஎன் போட்டுப் பார்க்கும்படியும் எழுதியிருந்தாள். ஜெயசித்ரா அதைக் கடையின் கழிவறையில் நின்று படித்தாள். முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து ஒரு கல்யாண வீட்டாருக்குப் பட்டுப்புடவை விரித்தாள்.

அன்று சாயங்காலமே விபிஎன் போட்டாள். நம் போனிலிருந்து போவதையெல்லாம் ஒரு உறைக்குள் போட்டு ஒட்டி வேறு ஊர் வழியாகச் சுற்றி அனுப்புகிற செயலி அது. வழியில் இருப்பவனுக்கு உறை போவது தெரியும், உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாது. சுற்றுவழி என்பதால் பிங் கூடத்தான் வேண்டும். ஆனால் அவள் திரையில் பிங் இறங்கிப் பச்சைக்கு வந்து அப்படியே நின்றது. ஒரு ஆட்டம் முழுக்க விளையாடி முடித்தாள். ஜெயித்தது அவள் கவனத்திலேயே இல்லை. உள்ளே இருப்பது விளையாட்டு என்று தெரியாதபோது லைன் சரியாக வருகிறது; தெரிந்தால் வரவில்லை. இதை அவள் திரும்பத் திரும்ப நினைத்துப் பார்த்தாள்.

சில நாளில் அந்த விபிஎன் இணைவதே நின்றது. இன்னொன்று மாற்றினாள். அதுவும் நின்றது. கோளாறு என்றால் இப்படிப் பின்னாலேயே வராது. யாரோ உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை பக்கத்து வீட்டுக்குப் போய், அவர்கள் இணைப்பில் தன் போனைப் போட்டு விளையாடினாள். பச்சை. தன் ரவுட்டரைக் கழற்றிக்கொண்டு போய் அந்த வீட்டு ஒயரில் மாட்டித் தன் கணக்கில் நுழைந்தாள். சிவப்பு. வீட்டிலும் ஒயரிலும் குற்றமில்லை. அவள் பெயரில்தான் ஏதோ செய்து வைத்திருக்கிறார்கள்.

பாக்யராஜைத் தெருவில் மடக்கிக் கேட்டாள். அவன் பைக்கை விட்டு இறங்கவில்லை. “லைன்ல ஒண்ணும் இல்லக்கா. ஆபீஸ்ல கேளு,” என்றான். கொஞ்சம் தயங்கி, “நான் சொன்னேன்னு சொல்லாத,” என்றும் சொல்லிவிட்டுப் போனான்.

அந்தச் சனிக்கிழமை வேண்டுமென்றே விபிஎன் இல்லாமல் வட்டார அறைக்குள் போனாள். சிவப்பு ஏறியது. உறைந்து நின்றவளைப் புகழ்வேந்தன் நிதானமாக வந்து சுட்டான். எல்லோருக்கும் கேட்கும்படி மைக்கில் பேசினான்.

“இன்னா கரிச்சான், சிக்னல் வர்லியா? பேட்டுக்கு அவ்ளோதான் வரும்.”

நாலைந்து பேர் சிரித்தார்கள். அவர்களுக்கு அது சும்மா ஒரு கிண்டல். ஜெயசித்ரா ஹெட்போனைக் கழற்றி வைத்தாள். பேட் என்று அவள் யாரிடமும் சொன்னதில்லை.

திங்கட்கிழமை கடைக்கு அரை நாள் லீவு சொல்லிவிட்டு அவன் ஆபீசுக்கே போனாள். ஏசி போட்ட அறை, கண்ணாடிக் கதவு. உள்ளே உட்காரச் சொல்லவில்லை. அவள் நின்றபடியே சொன்னாள். பக்கத்து வீட்டில் வருகிறது, என் கணக்கில் மட்டும் வரவில்லை, என்ன என்று பாருங்கள் என்றாள். புகழ்வேந்தன் நாற்காலியைச் சுழற்றிக்கொண்டே சொன்னான்.

“கேம்முக்கெல்லாம் நாங்க கேரண்டி குடுக்கலம்மா. புடிக்கலன்னா வேற லைன் போட்டுக்கோ.”

பேட்டுக்கு வேறு லைன் வராது என்பது அவனுக்குத் தெரியும். சொல்லிவிட்டுச் சிரித்தான். அவளைவிட ஏழெட்டு வயது சின்னவன். கடையில் முகம் மாறாமல் நின்று பழகியது அன்று உதவியது. சரிங்க என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தாள்.

அந்தச் சிரிப்பு அவளை விடவில்லை. பஸ்ஸில் வந்தது, புடவை மடிக்கும்போது வந்தது, சோற்றில் கை வைத்தால் வந்தது. காரைக்காலில் பட்டதற்குக்கூட அவள் இப்படிக் கொதித்ததில்லை. ஊர்க்காரர்கள் காலம் காலமாகச் செய்ததையெல்லாம் அம்மா சொல்லிக் கேட்டிருக்கிறாள். எல்லாம் பழைய கதை என்று நினைத்திருந்தாள். யாரும் யாரையும் பார்க்காத, சாதி கேட்காத ஒரு தீவில்கூட அவன் தேடி வந்து ஒரு வேலியைக் கட்டிவிட்டுப் போயிருக்கிறான். அவனை என்ன செய்யலாம் என்பதைத் தவிர வேறு எதையும் அவளால் யோசிக்க முடியவில்லை. கவிழ்த்துவிட வேண்டும், அவன் வாயாலேயே சொல்ல வைக்க வேண்டும், அப்புறமும் விடக் கூடாது. இந்த மூன்றும் அவள் வைத்த வரிசை.

வழி மாடியில் துணி காயப்போடும்போது கிடைத்தது. கைப்பிடிச் சுவரில் ஒரு கறுப்புப் பெட்டியைத் திருகி வைத்திருந்தார்கள். ஊரிலிருந்து வரும் தடித்த கேபிள் பேட்டின் வீட்டுச் சுவர்களில் ஆணி அடித்துக் கட்டப்பட்டு, தெரு முழுக்க மாடி மாடியாகத் தாண்டி, அந்தப் பெட்டிக்குள் நுழைந்து மறுபக்கம் வெளியே போனது. உள்ளே இருக்கும் மூன்று கிராமங்களுக்கும் அதுதான் தாய் லைன். கேபிள் இழுத்தபோது யாரிடமும் அனுமதி கேட்கவில்லை. பேட்டில் எதற்குக் கேட்க வேண்டும்?

அவள் கத்தரிக்கோலை எடுக்கவில்லை. தெருவில் கேபிள் போகும் ஒவ்வொரு வீட்டுக்கும் போனாள். நடந்ததை ஒளிக்காமல் சொன்னாள். விளையாட்டு என்றதும் சிலர் சிரித்தார்கள். மைக்கில் அவன் சொன்னதைச் சொன்னதும் சிரிப்பு நின்றது. அவர்களுக்கும் சொந்தக் கணக்கு இருந்தது. ஊரில் லைன் போனால் அன்றே வருகிற ஆள், பேட்டில் போனால் வாரக்கணக்கில் எட்டிப் பார்ப்பதில்லை. பேட்டில் எல்லோரும் கிறிஸ்தவர்கள்; கிறிஸ்துமஸ் நெருங்கிக்கொண்டிருந்தது. எல்லோரும் வீட்டுக்குச் சுண்ணாம்பு அடிக்கப் போகிறோம், சுவரில் இருப்பதை எடுத்துக்கொள் என்று பாக்யராஜிடம் சொல்லி அனுப்பினார்கள். ஒரு வாரம் விட்டார்கள். எவனும் கை வைக்க மாட்டான் என்று புகழ்வேந்தன் சொன்னதாகத் தகவல் வந்தது.

ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலில் பூசை முடிந்து வந்ததும் தெருவே ஏணி போட்டது. ஆணிகளைப் பிடுங்கினார்கள். ஜெயசித்ரா தன் கையால் திருகாணியைக் கழற்றிப் பெட்டியை இறக்கினாள். ஒரு இடத்தில்கூட கேபிளை யாரும் வெட்டவில்லை. பத்திரமாக இறக்கித் தெருவின் ஓரமாகப் படுக்க வைத்துவிட்டுச் சுவரைச் சுரண்ட ஆரம்பித்தார்கள்.

கரும்பு வெட்டு நடக்கிற காலம். ஏரிப் பக்கத்துக் கொல்லைகளிலிருந்து ஆலைக்குப் போகும் டிராக்டர்கள் பேட்டின் மெயின் தெரு வழியாகத்தான் திரும்பும். அந்தத் திருப்பத்தில் பின்சக்கரம் ஓரம் ஏறாமல் போகவே போகாது. இது ஜெயசித்ராவுக்கு நன்றாகத் தெரியும். மத்தியானம் பாரம் ஏற்றிக்கொண்டு முதலில் வந்த டிராக்டர், புகழ்வேந்தனின் அப்பாவுடையது. கேபிளின் மேல் ஏறி, பெட்டியை நொறுக்கி, கொஞ்ச தூரம் இழுத்துக்கொண்டும் போனது. அவள் ஏணியில் நின்றபடி பார்த்தாள். சுண்ணாம்பு வாளியில் மட்டையைத் தோய்த்து அடுத்த பட்டையை அடித்தாள்.

மூன்று கிராமங்களிலும் பேட்டிலும் லைன் செத்தது. சாயங்காலம் புகழ்வேந்தன் வந்தான். அவன் பேட்டுக்குள் இறங்கி நடந்ததை அதற்கு முன் யாரும் பார்த்ததில்லை. நொறுங்கிய பெட்டியைத் தாண்டி அவள் வாசலில் வந்து நின்றான். அவள் உட்காரச் சொல்லவில்லை. தெருவில் எல்லோரும் வேலையை நிறுத்தாமலே கவனித்தார்கள்.

“அக்கா,” என்றான். முதல் தடவை. “மூணு ஊருக்கும் போன் மேல போன் வருது. செவுத்துல கட்ட வுடுங்க. ஒங்களுக்கு லைப் முழுக்க லைன் ப்ரீ.”

“மொதல்ல நீ இன்னா செஞ்சன்னு சொல்லு.”

“சும்மா வெளையாட்டுக்குக்கா.”

“வெளையாட்டுக்கு இன்னா செஞ்ச?”

அவள் போனை எடுத்து மகாலட்சுமியைக் கூப்பிட்டு ஸ்பீக்கரில் போட்டு அவன் முன்னால் நீட்டினாள். ஒரு ஆள் உங்களிடம் பேச வேண்டுமாம் என்றாள். புகழ்வேந்தன் தெருவைப் பார்த்தான், இருட்டிக்கொண்டு வரும் வானத்தைப் பார்த்தான். பிறகு சொன்னான். ஆபீஸ் கம்ப்யூட்டரிலிருந்து கரிச்சானின் கணக்குக்கு மட்டும் அந்த விளையாட்டை நிறுத்தி நிறுத்தி அனுப்பியதையும், விபிஎன்களைத் தேடித் தேடி அடைத்ததையும் சொன்னான். குரல் தாழ்ந்தபோதெல்லாம் அவள் “கேக்கல” என்றாள். திருநெல்வேலியில் மகாலட்சுமி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டாள். பிறகு, “ஏன்பா?” என்று மட்டும் கேட்டாள்.

“சரி, போ,” என்றாள் ஜெயசித்ரா.

“கேபிளை எப்போ கட்டலாம், அக்கா?”

“சுத்தி எடுத்துக்கினு போ. எங்க செவுத்துல ஆணி அடிக்க வுட மாட்டோம்.”

அப்போதுதான் உண்மையில் அவன் முகம் மாறியது. சொல்லிவிட்டால் முடிந்துவிடும் என்று நினைத்திருக்கிறான். அவள் அப்படி எதுவும் வாக்குக் கொடுக்கவில்லை. அன்றிரவு அவள் நன்றாகத் தூங்கினாள்.

நாலாம் நாள் அவளைத் தேடிக் கடைக்கு ஒரு பெண் வந்தாள். பெயர் இளவரசி, உள்கிராமங்களில் ஒன்றைச் சேர்ந்தவள். கைக்குழந்தையை வைத்துக்கொண்டு வீட்டிலிருந்தே ஆஸ்பத்திரி ரிப்போர்ட்டுகளைக் கம்ப்யூட்டரில் அடித்துக் கொடுக்கும் வேலை. லைன் இல்லாததால் அந்த வேலை போய்விட்டது. புடவை பார்ப்பதுபோல் வந்து நின்று, தணிந்த குரலில் கேட்டாள்.

“ஒனக்கும் அவனுக்கும் ஆயிரம் இருக்கட்டும்கா. நான் இன்னா பண்ணேன்?”

வேலையிலிருந்து எடுத்த நிறுவனத்திடம் தானே பேசிப் பார்ப்பதாக ஜெயசித்ரா சொன்னாள். பேசியும் பார்த்தாள், நடக்கவில்லை. கடையில் பில் போடும் இடத்துக்கு ஆள் தேடினார்கள், அதைச் சொன்னாள். குழந்தையை விட்டுவிட்டு வர முடியாது என்று இளவரசி சொல்லிவிட்டாள். இந்த ஒன்றுக்காக மட்டும் ஜெயசித்ரா பலநாள் சாப்பாட்டுத் தட்டின் முன்னால் சும்மா உட்கார்ந்திருந்ததை அமுதம் பார்த்திருக்கிறாள். புகழ்வேந்தனுக்காக ஒரு வாய் சோறு குறையவில்லை.

பேட்டைச் சுற்றிக்கொண்டு போக அவன் ஏரிக்கரையோரம் சொந்தமாகக் கம்பம் நட வேண்டியிருந்தது. கொம்யூன் பஞ்சாயத்தில் ஒரு அனுமதி, பொதுப்பணித் துறையில் ஒரு அனுமதி. அங்கே ஓடி இங்கே ஓடி அவன் கம்பம் நட்டு முடிப்பதற்குள் வெளியூர் நிறுவனம் ஒன்று அந்தக் கிராமங்களில் இறங்கிவிட்டது. பேட் தெருவுக்கும் அவர்கள் வந்தார்கள். இந்த முறை வீடு வீடாகக் கேட்டுவிட்டு இழுத்தார்கள். புகழ்வேந்தன் இப்போது மூலக்குளத்தில் ஒரு கம்பெனிக்கு வேலைக்குப் போகிறான் என்கிறார்கள். கண்ணாடிக் கதவு போட்ட ஆபீசில் உரமூட்டை அடுக்கியிருக்கிறது.

மகாலட்சுமி திரும்பக் கூப்பிட்டாள். முதல் இரண்டு தடவை ஜெயசித்ரா எடுக்கவில்லை. தன்னை ஒரு செய்தியில் கழற்றிவிட்டவளும் கொஞ்சம் காத்திருக்கட்டும் என்று இருந்தது. மூன்றாம் தடவை எடுத்தாள். இப்போது அந்த அணியில்தான் விளையாடுகிறாள். புது லைனிலும் மழை நாளில் பிங் குதிக்கத்தான் செய்கிறது; அவள் போன் செய்து கத்துகிறாள், அவர்கள் ரவுட்டரை அணைத்துப் போடச் சொல்கிறார்கள்.

போன மாசம் புகழ்வேந்தனின் அம்மா ஜவுளிக்கடைக்கு வந்திருந்தார். மகனுக்குப் பெண் பார்த்திருக்கிறார்களாம். நடந்ததை மனசில் வைக்காதே, சின்னப் பையன், மன்னித்துவிடு என்று புடவைக் குவியலுக்கு மேலே குனிந்து கேட்டுக்கொண்டார். ஜெயசித்ரா அவர் கேட்ட நிறத்தில் நல்ல புடவையாக எடுத்துக் கொடுத்தாள். மற்றதைக் காதில் வாங்காமல் அடுத்த வாடிக்கையாளரிடம் திரும்பினாள்.

ஞாயிற்றுக்கிழமைகளில் அவள் அம்மாவோடு மாதா கோயிலுக்குப் போகிறாள். எல்லோரும் எழுந்து நின்று பரலோகத்தில் இருப்பவரிடம் வேண்டும் அந்தச் செபத்தை அவளும் சத்தமாகச் சொல்கிறாள். பிறர் செய்த குற்றங்களைத் தாங்கள் மன்னிப்பதாகச் சொல்லும் இடம் வரும்போது மட்டும் வாயை மூடிக்கொள்கிறாள். அந்த வரி போன பிறகு மறுபடி சேர்ந்துகொள்கிறாள். பக்கத்தில் நிற்கும் அமுதத்துக்கு இது தெரியும்.